தீவனப் பெட்டியில் ஒரு வெள்ளை லேபிள்

கடைக்குள் முப்பது பேராவது இருப்பார்கள். ஒருவரும் பேசவில்லை. ஒலிபெருக்கியில் எழுபதுகளின் டிஸ்கோ ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும் ரகம். ஆனால் அங்கே ஒரு கால்கூட அசையவில்லை. பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் ஓடியது: டக், டக், டக். அட்டை உறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்கிற சத்தம். முப்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டிகளில் நிமிர்ந்து நிற்கும் பழைய இசைத்தட்டுகளை இரண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டிக்கு ஜப்பானியத் தட்டுப் பைத்தியங்கள் வைத்திருக்கும் பெயர் 'எஸாபாக்கோ'. தீவனப் பெட்டி என்று பொருள். கோழிகள் தொட்டியைச் சுற்றி நின்று கொத்துவதுபோல் இருக்கிறதாம். தங்களைத் தாங்களே கோழி என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தை எனக்கு உடனே பிடித்துவிட்டது. தோள்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நானும் கொத்த இறங்கினேன்.

இடம் டோக்கியோவின் ஷிபுயா, அதில் உதாகவாச்சோ என்கிற சரிவான வட்டாரம். ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் குறுக்கும் நெடுக்கும் கடக்கும் அந்தப் புகழ்பெற்ற நாற்சந்தியிலிருந்து நடக்கிற தூரம். தொண்ணூறுகளில் இங்கே சந்துக்குச் சந்து, மாடிக்கு மாடி ரெக்கார்டுக் கடைகள் இருந்தன. இப்போது குறைந்துவிட்டது என்கிறார்கள். குறைந்த பிறகே இப்படி என்றால், நிறைந்திருந்தபோது நான் வந்திருந்தால் ஊர் திரும்பியிருக்க மாட்டேன்.

என்னை அழைத்துவந்தது மனைவியின் தம்பி. நிஷி-கசாயில் இருக்கிறான். நம்மவர்கள் கூட்டமாக வாழும், இட்லி மாவு கிடைக்கும் பகுதி.

"அத்தான், ஊர்ல இருந்து வர்ற எல்லாரும் ஃபுஜி மலை பாக்கணும்னுதான் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் பழைய பிளேட்டு பாக்கணும்னு வந்திருக்கீங்க."

"மலை எங்க போயிடப்போகுது மாப்ள? தட்டு போயிடும்."

விளையாட்டாகச் சொன்னேன். அது அப்படியே பலிக்கும் என்று அப்போது தெரியாது.

என் பைத்தியத்துக்கு மூலம் சித்தப்பா. மதுரைப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவார். தட்டு தேய்ந்து ஊசி வழுக்கினால், முள்ளின் தலையில் ஒரு நாலணாவை வைத்து அழுத்திவிடுவார். பாட்டு ஓடும், தட்டு சாகும். அவரிடம் இருந்த ஒரே வெளிநாட்டுச் சரக்கு போனி எம் எல்.பி. ஒன்று. ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடத்தில்கூட அதைப் போட்டிருக்கிறார். அந்தத் தட்டு இன்று என்னிடம் இருக்கிறது. ஊசியை வைத்தால் பாதி பாட்டு, பாதி மழை.

ஆகவே ஷிபுயாவில் முதல் தட்டை உறையிலிருந்து உருவியதும் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நாற்பத்தைந்து வருஷத்துப் பழசு. குளத்துத் தண்ணீர் போலக் கருப்பு மினுங்குகிறது. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. உறையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு காகிதப் பட்டி சுற்றியிருக்கிறது. கிமோனோவின் இடுப்புக் கச்சைக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் இதற்கும்: ஓபி. பாடகர் பெயரும் விலையும் விளம்பரமும் அச்சிட்ட வெறும் காகிதம். கடையில் வாங்கிய அன்றே கிழித்துப் போட வேண்டிய பொருள். இங்கே அதை அரை நூற்றாண்டு பொத்தி வைத்திருக்கிறார்கள். ஓபி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. தட்டை வாங்குகிறோமா, பட்டியை வாங்குகிறோமா என்று சில இடங்களில் சந்தேகமே வந்துவிடும்.

கடைக்காரர்கள் ஒவ்வொரு தட்டிலும் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். தட்டின் நிலைக்கு ஒரு மதிப்பெண், உறைக்கு ஒரு மதிப்பெண். 'பி' என்று போட்டிருந்ததை எடுத்துக் குறை தேடினேன். எனக்கு அகப்படவில்லை. இவர்களிடம் பரீட்சை எழுதினால் சித்தப்பாவின் பெட்டி மொத்தமும் ஃபெயில்.

இந்தத் தட்டுகள் ஏன் இவ்வளவு சத்தமாக, அடிவயிறு அதிர ஒலிக்கின்றன என்பதற்குப் பின்னால் ஒரு தற்செயல் இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் ஆட்டக் கூடங்களுக்காகப் பாட்டுகளை நீட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷப் பாட்டு ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முடிந்துபோகிறது என்பது அவர் குறை. ஒருநாள் மாதிரித் தட்டு வெட்டப் போனபோது, ஸ்டுடியோவில் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது. இருந்த பெரிய தட்டிலேயே வெட்டினார்கள். இவ்வளவு பெரிய தட்டில் இத்தனூண்டு பாட்டா என்று பார்க்கக் கேலியாக இருந்ததால், வரிகளை அகலமாகப் பரப்பச் சொன்னார். வரி அகலமானதும் ஒலி எழுந்து நின்றது. பேஸ் கிதாரின் அலை பெரியது; அது அசைய இடம் வேண்டும். நெருக்கி வெட்டினால் ஊசி பக்கத்து வரிக்குத் தாவிவிடும். இடம் கொடுத்தவுடன் பேஸ் தன் முழு உடம்போடு வந்துவிட்டது. 12 அங்குல சிங்கிள் பிறந்த கதை இது. 1976-இல் சால்சோல் நிறுவனம் வெளியிட்ட 'டென் பெர்சென்ட்' என்ற பாட்டைத்தான் கடையில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் என்பார்கள். மூன்று நிமிஷப் பாட்டை வால்டர் கிப்பன்ஸ் ஏறக்குறைய பத்து நிமிஷமாக இழுத்திருப்பார்.

அதன் பிரதி ஒன்று எதிர்ச் சுவரில் தொங்கியது. சுவரில் தொங்குவதைப் பார்க்கலாம், கனவு காணலாம். என் பட்ஜெட் தரையை ஒட்டிய பெட்டிகளில் இருந்தது.

நடுத்தட்டுப் பெட்டிகளை எல்லாம் 'சிட்டி பாப்' கூட்டம் மொய்த்தது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ஜப்பானியர் அமெரிக்க ஃபங்க், டிஸ்கோ, சோல் எல்லாவற்றையும் குழைத்துச் செய்த நகரத்துப் பாட்டுக்குப் பின்னாளில் வந்த பெயர் அது. மரியா தாகெயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' 1984-இல் வந்தபோது பெரிய வெற்றியல்ல. 2017-இல் யாரோ ஒருவர் யூடியூபில் ஏற்றிவைக்க, ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாத கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள். மிக்கி மட்சுபராவின் 'மயோனாகா நோ டோர்' 1979-இல் வந்தது. உலகம் அதைத் தலையில் தூக்கிவைத்தது 2020-இல். அவர் அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 44 வயதில் இறந்துவிட்டார்.

இந்தத் திடீர்ப் புகழால் விலை ஏறிவிட்டது. தட்சுரோ யாமாஷிதாவின் பழைய பதிப்பு ஒன்றின் சீட்டைப் பார்த்தேன். மச்சினன் அதை ரூபாயில் மாற்றிச் சொன்னான். மெதுவாகத் திருப்பி வைத்தேன். இவர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தன் பாட்டுகளை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஓடவிட அவர் சம்மதிப்பதில்லை. கேட்க வேண்டுமானால் பெரும்பாலும் தட்டையோ சி.டி.யையோ தேடித்தான் ஆக வேண்டும். அவருடைய 'பாம்பர்' 1979-இல் வந்த ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் கிடந்த பாட்டு. ஒசாகாவின் டிஸ்கோ கூடங்கள் தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் அதை ஹிட் ஆக்கின. பின்பக்கத்தைக் கேட்கிறவர்களுக்குத்தான் எப்போதும் புதையல். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அதனால் நான் யாரும் நிற்காத 7 அங்குலப் பெட்டிக்குப் போனேன். ஜப்பானிய சிங்கிள்களின் நடுவில் பெரிய ஓட்டை. 'டோனட் தட்டு' என்கிறார்கள். நம் ஊரில் பரவியிருந்தால் மெதுவடை என்று பெயர் வந்திருக்கும். அந்தப் பெட்டியில்தான் அது கிடைத்தது: 'செக்ஸி பஸ் ஸ்டாப்'. பாடியது டாக்டர் டிராகன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ். ஆண்டு 1976.

இதன் கதை எனக்கு முன்பே தெரியும். ஜப்பானுக்கு வந்ததே பாதி இதற்காக. வெளிநாட்டுச் சரக்கு மாதிரி கடைக்கு வந்த தட்டு அது. இசையமைப்பாளர் பெயர் ஜாக் டயமண்ட் என்று இருக்கும். அப்படி ஒரு வெள்ளைக்காரர் கிடையாது. அது க்யோஹேய் ட்சுட்சுமி. 1968-இல் 'ப்ளூ லைட் யோக்கோஹாமா' போட்டு ஜப்பான் முழுவதையும் பாடவைத்தவர், 2020-இல் காலமானார். டிஸ்கோ என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று ஜனங்கள் நம்பிய காலத்தில், தன் ஊர்க்காரரிடம் விற்க அந்த மனிதர் வேஷம் கட்டிக்கொண்டார். 'ஃபாரின் சரக்கு' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உறையிலிருந்து தட்டை எடுத்தேன். நடு லேபிள் வெள்ளையாக இருந்தது. படங்களில் பார்த்த வண்ண லேபிள் இல்லை. வெறும் வெள்ளையில் கருப்பு எழுத்து, ஓரமாக மூன்று சீன எழுத்துகள். விலை 1,500 யென். போலி என்று முடிவு கட்டினேன். வேஷம் போட்ட தட்டுக்கே ஒரு வேஷமா? என்னை ஏமாற்ற முடியுமா என்ற பெருமிதத்தோடு பெட்டியில் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே வந்ததும் மச்சினன் ஒரு கட்டடத்தைக் காட்டினான். 'சினிமா ரைஸ்' இருந்த இடம். 1998-இல் 'முத்து' இங்கேதான் மாதக்கணக்கில் ஓடியது. அங்கே அதற்கு 'ஆடும் மகாராஜா' என்று பொருள்படும்படி பெயர் வைத்திருந்தார்கள். தியேட்டர் 2016-இல் மூடப்பட்டுவிட்டது. பத்து நிமிஷம் முன்னால் டிஸ்கோவுக்கு ஒரு விரலும் அசைக்காமல் நின்ற ஊரா ரஜினியின் ஆட்டத்தை மாதக்கணக்கில் பார்த்தது என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன்.

இரவு ஒரு குட்டி பாருக்குப் போனோம். இரண்டாம் மாடி, செங்குத்தான படி, எட்டு நாற்காலி. ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள். போருக்குப் பிந்தைய வருஷங்களில் இறக்குமதித் தட்டு என்பது சாதாரண ஆள் வாங்கக்கூடிய பொருளாக இல்லை. ஒரு காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு, கடைக்காரரின் தட்டை நல்ல ஒலிபெருக்கியில் மணிக்கணக்காகக் கேட்டார்கள். அப்படி வளர்ந்தவை ஜாஸ் கிஸ்ஸா எனப்படும் காப்பிக் கடைகள். பேசினால் கடிந்துகொள்ளும் கடைகள்கூட இருந்தன. யோக்கோஹாமாவின் 'சிகுசா' 1933-லேயே தொடங்கியது. ஷிபுயா கடையின் மௌனம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. அவர்கள் ஆடாமல் இல்லை, காதால் ஆடுகிறார்கள்.

பார் உரிமையாளருக்கு எழுபது வயது இருக்கும். இரண்டு டெக்னிக்ஸ் டர்ன்டேபிள்கள் வைத்திருந்தார், எஸ்.எல்.-1200 வகை. ஒசாகாவின் மட்சுஷிதா நிறுவனம் 1970-இல் பெல்ட்டே இல்லாமல் மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றும் எந்திரத்தைக் கொண்டுவந்தது. 1972-இல் அதே முறையில் வந்தது இந்த 1200. வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்பவருக்காகச் செய்தது, நியூயார்க்கின் டி.ஜே.க்கள் அதைத் தங்கள் வாத்தியமாக்கிக்கொண்டார்கள். 2010-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2016-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஊசி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஜிகோ என்றார். ஹியோகோ மாகாணத்தில் இருக்கும் அந்த நிறுவனம் 1873-இல் தையல் ஊசி செய்யத் தொடங்கியது. துணியிலிருந்து பாட்டுக்கு வந்த ஊசி.

என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டார். ஃபிலடெல்ஃபியா என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த ஊரின் சிக்மா ஸ்டுடியோவில் கேம்பிளும் ஹஃப்பும் வளர்த்த அந்த வயலின் மழை, அதற்கு அடியில் எர்ல் யங்கின் டிரம். டிஸ்கோவின் நாலு தட்டு நடையை அவர்தான் 1973 வாக்கில் நிலைநிறுத்தினார். சுவரிலிருந்து யோசிக்காமல் ஒரு சிங்கிளை உருவினார். உறையில் த்ரீ டிகிரீஸ், ஃபிலடெல்ஃபியாவின் மூன்று பெண்கள். பாட்டு தொடங்கியது. ஆங்கிலம் இல்லை. ஜப்பானிய மொழி!

'நிகாய் நமிதா', கசப்பான கண்ணீர். 1975. வெளிநாட்டுப் பெண்கள் ஜப்பானிய வார்த்தைகளைக் கவனமாக, ஒவ்வொன்றாகத் தரையில் வைப்பதுபோலப் பாடினார்கள். இசை யார் என்று கேட்டேன். உரிமையாளர் விரலால் உறையைத் தட்டினார். க்யோஹேய் ட்சுட்சுமி.

வெள்ளைக்காரர் வேஷம் கட்டுவதற்கு ஒரு வருஷம் முன்பு அதே மனிதர் அமெரிக்கர்களை ஜப்பானியராகப் பாடவைத்திருக்கிறார். நான் எழுந்து நின்றுவிட்டேன். மச்சினன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான்.

உற்சாகத்தில் பகல் கதையைச் சொன்னேன்; அவன் மொழிபெயர்த்தான். போலித் தட்டை நான் கண்டுபிடித்த இடம் வந்ததும் உரிமையாளர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அலமாரியிலிருந்து வேறொரு சிங்கிளை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளை லேபிள். அதே மூன்று எழுத்து.

"மிஹோன்பான்" என்றார்.

மாதிரித் தட்டு. விற்பனைக்கு முன் வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புவது. குறைவாக அடித்தவை, தேடுகிறவர்கள் இதற்குத்தான் அலைவார்கள்.

"அத்தான், அவரு சொல்றாரு... நீங்க அசலை விட்டுட்டு வந்திருக்கீங்களாம்."

காலையில் கடை திறக்க ஒரு மணி நேரம் முன்னால் போய் ஷட்டர் எதிரில் நின்றேன். திறந்ததும் அதே பெட்டி, அதே வரிசை. முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை. இல்லை. பக்கத்தில் ஒரு கோழி மௌனமாகக் கொத்திக்கொண்டிருந்தது. அதன் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன், அநாகரிகம்தான்.

மீதி நாட்கள் தேடல்தான். ஷிபுயாவிலிருந்து ரயிலில் சில நிமிஷம் போனால் ஷிமோகிதசாவா: குறுகிய தெருக்கள், பழைய துணிக் கடைகள், நடுநடுவே தட்டுகள். அங்கே ஒரு மாடியில் 'செக்ஸி பஸ் ஸ்டாப்' கிடைத்தது, சாதாரண லேபிள், 600 யென். போட்டுக் கேட்கலாமா என்றால் ஒரு மூலையைக் காட்டுகிறார்கள், ஹெட்போன் இருக்கிறது. ஊசியை நான் இறக்குவதைக் கடைப் பெண் கண் கொட்டாமல் பார்த்தார். நாலணா ஞாபகம் வந்து கை கொஞ்சம் நடுங்கியது.

தட்டு தன் பாட்டுக்கு நன்றாகவே ஓடியது. வயலின் இறங்க, ஹை-ஹாட் சீற, ஃபிலடெல்ஃபியாவேதான். கண்ணை மூடினால் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. நாலு வருஷம் கழித்து ஜப்பானியர் வேஷமில்லாமலும் போனார்கள்: 1980-இல் எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'சோல் டிரெய்ன்' நிகழ்ச்சியில் வாசித்தது. அந்த நிகழ்ச்சியின் முகப்பு இசையை 1974-இல் ஹிட் ஆக்கியதில் அந்த மூன்று ஃபிலடெல்ஃபியா பெண்களின் குரலும் உண்டு. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நூல் பிடித்துப் போனால் தலை சுற்றும். 33⅓ வேகத்தில்.

தட்டை ஏறக்குறையக் கொன்றதும் இந்த நாடுதான். சோனியின் முதல் சி.டி. பிளேயர் 1982 அக்டோபர் 1-இல் இங்கேதான் விற்பனைக்கு வந்தது. 1989-இல் சோனி தட்டு அடிப்பதையே நிறுத்தியது. எழுபதுகளில் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 20 கோடி தட்டு அடித்த நாட்டில், 2009 வாக்கில் அது ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. யோக்கோஹாமாவில் டோயோகாசெய் என்ற ஒரே ஆலை மட்டும் அச்சை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. 2018-இல் சோனி மறுபடி அடிக்கத் தொடங்கியது.

திரும்பும்போது என் பெட்டியில் 23 தட்டுகள். துணிமணி பாதியை மச்சினன் வீட்டில் விட்டுவிட்டேன். வீட்டில் முதல் சிங்கிளை வைக்கப் போனபோதுதான் தெரிந்தது, மெதுவடை ஓட்டைக்கு என் பிளேயரில் அடாப்டர் இல்லை. மச்சினனுக்குத் தகவல் அனுப்பினேன். மூன்று வாரம் காத்திருந்தேன்.

நீங்கள் யாராவது ஷிபுயா போனால், 7 அங்குலப் பெட்டியில் வெள்ளை லேபிளைப் பாருங்கள். மூன்று எழுத்து இருக்கும். நடு எழுத்து மரம் மாதிரி, அடித்தண்டில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. டாக்டர் டிராகன் என்றிருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். பணம் நான் தருகிறேன்.